சேற்றுழவு

சேற்றுழவு என்பது நெல் நடவுக்கு முன்னர் வயலில் நீரைத் தேக்கி, மண் குழைந்து சேறாகும் வரை உழுது பண்படுத்தும் முறையாகும். இது தொளி உழவு எனவும் அழைக்கப்படுகிறது. உழுத பின் பரம்படித்து வயல் சமன் செய்யப்படுகிறது.

நெற்பயிரில் விளைவு

சேற்றில் உழும்போது மண்கட்டிகள் சிதைகின்றன. நுண்ணிய களித்துகள்கள் மண்ணின் பெருந்துளைகளை அடைக்கின்றன. ஆண்டுதோறும் இவ்வாறு உழுவதால், ஏறத்தாழ 15 முதல் 25 செ.மீ. ஆழத்தில் இறுகிய அடுக்கு ஒன்று உருவாகிறது. இதனால் நீர் கீழே கசிவது குறைகிறது. களைகள் சேற்றில் புதைந்து மட்குகின்றன. நாற்று நடுதலும் எளிதாகிறது. நீர் தேங்கிய மண்ணில் ஆக்சிசன் குறைந்தாலும், நெல்லின் காற்றறைத் திசு இலையிலிருந்து வேருக்கு அதனைக் கொண்டு செல்கிறது.

பிற பயிர்களில் விளைவு

நெல்லுக்கு நன்மை தரும் இதே மாற்றங்கள் அடுத்து வரும் பயிருக்குத் தடையாகின்றன. சேற்றுமண் உலரும்போது வெடித்து இறுகுகிறது. மீண்டும் உழுதால் பெருங்கட்டிகளாகப் பெயர்கிறது. இதனால் விதை முளைப்பு குறையும். வேர்கள் இறுகிய அடுக்கைக் கடந்து ஆழத்து ஈரத்தை அடைவது கடினம். மழை பெய்தால் நீர் தேங்கி வேர் பாதிப்படையும். சிந்து-கங்கைச் சமவெளியில் நெல்லுக்குப் பின் விதைக்கப்படும் கோதுமை இதற்கு எடுத்துக்காட்டாகும்.

காவிரிப் படுகையில் நெல் அறுவடைக்குச் சுமார் 7 முதல் 10 நாட்களுக்கு முன்னரே உளுந்து, பச்சைப்பயறு ஆகியவை ஈர வயலில் தூவப்படுகின்றன. மண் இறுகுமுன் அவை வேரூன்றி, எஞ்சிய ஈரத்தில் வளர்கின்றன.

மாற்று முறை

சேறாக்காமல் நெல்லை நேரடியாகப் புழுதியில் விதைத்தால் மண்ணமைப்பு காக்கப்படுகிறது. ஆயினும் களைக் கட்டுப்பாடு கடினமாகும்.