கால் நூற்றாண்டாக மாறாத 6

பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் ‘லிப்சி.எஸ்ஓ.6’ என்றொரு கோப்பு உண்டு. கோப்பைத் திறப்பது, நினைவகத்தில் இடம் கேட்பது, நேரம் பார்ப்பது என்று எல்லா மென்பொருளுக்கும் தேவைப்படும் அடிப்படை வேலைகளைச் செய்து கொடுக்கும் ‘ஜிலிப்சி’ என்ற லைப்ரரி அது. ஒவ்வொரு மென்பொருளும் இவற்றைத் தனித்தனியாக எழுதிக்கொள்ளாமல் எல்லாம் ஒரே கோப்பைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஆண்டுக்கு இருமுறை இதன் புதிய பதிப்பு வெளிவருகிறது, 1997-இல் 2.0 என்று வந்த பதிப்பு எண் இன்று 2.40-ஐத் தாண்டிவிட்டது. ஆனால் கோப்பின் பெயரில் உள்ள 6 மட்டும் அன்று முதல் மாறவே இல்லை. பார்ப்பவருக்கு இது தேக்கமாகத் தோன்றலாம். மென்பொருள் உலகின் மிகக் கடினமான உழைப்பு அந்த மாறாத எண்ணுக்குப் பின்னால்தான் இருக்கிறது என்பது என் கருத்து. பதிப்பு எண் எழுதியவரின் உழைப்பை அளக்கும் கோல் அல்ல. பயன்படுத்துபவருக்குக் கொடுத்த வாக்கு. வாக்கைக் காப்பாற்ற ஆள் இல்லாவிட்டால் எண்ணுக்கு மதிப்பில்லை.

எண்கள் என்ன சொல்கின்றன என்பதைப் பாடநூலை வைத்துப் புரிந்துகொள்ளலாம். அச்சுப்பிழைகளை மட்டும் திருத்தி மறுபடி அச்சிட்டால், பழைய நூலைப் பார்த்துப் பக்க எண் குறித்துவைத்தவருக்கு எந்தத் தொல்லையும் இல்லை. கடைசியில் ஒரு பிற்சேர்க்கை கூடினாலும் பழைய குறிப்புகள் செல்லும். அத்தியாயங்களை இடம் மாற்றினால்தான் எல்லாருடைய குறிப்பும் பாழாகும். 2.4.1 போன்ற மூன்று பகுதி எண் இதைத்தான் சொல்கிறது: பிழை திருத்தினால் கடைசி எண் கூடும், புதிய வசதி சேர்த்தால் நடு எண் கூடும், பழைய பயனரை முறிக்கும் மாற்றம் என்றால் முதல் எண் கூடும். நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பின் நிறுவனர்களில் ஒருவரான டாம் பிரஸ்டன்-வெர்னர் இந்த வழக்கத்தைத் தெளிவான விதிகளாக எழுதிவைத்தார். மூன்று மாதம் கண்விழித்து உள்ளே எல்லாவற்றையும் மாற்றி எழுதியிருந்தாலும், வெளியே இருப்பவர் எதையும் உணராவிட்டால் முதல் எண் கூடக் கூடாது. வெளியார் பயன்படுத்தும் ஒரே ஒரு செயற்கூறின் (ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும் நிரல் பகுதியின்) பெயரை மாற்றினாலும் கூடியாக வேண்டும்.

லினக்ஸில் லைப்ரரிக் கோப்பின் பெயரில் உள்ள எண்ணும் அந்த முதல் எண்ணைப் போலத்தான், முறிக்கும் மாற்றம் வந்தால் கூட வேண்டும். அதைக் கணினியே படிக்கிறது. ஒரு மென்பொருளை உருவாக்கும்போது, தனக்கு ‘லிப்சி.எஸ்ஓ.6’ வேண்டும் என்ற குறிப்பு அதன் உள்ளேயே பதிந்துவிடும். அதைத் தொடங்கும்போது இயக்க அமைப்பு அந்தப் பெயரைத்தான் தேடும். 7 மட்டும் இருந்தால் பழைய மென்பொருள் எழுந்திருக்காது. இரண்டையும் வைத்தால், ஒரே மென்பொருளுக்குள் இரண்டும் ஏறும்போது குழப்பம். ஆகவே கோப்பின் பெயரில் உள்ள எண்ணை உயர்த்துவது பழைய வீட்டுச் சாவிகள் எல்லாவற்றையும் ஒரே நாளில் செல்லாமல் ஆக்குவதற்குச் சமம்.

உயர்த்தாமல் இருப்பதும் எளிதல்ல. நினைவகத்தில் ஓர் இடத்தில் உள்ளதை இன்னோர் இடத்துக்குப் படியெடுக்கும் ‘மெம்காப்பி’ என்ற செயற்கூறின் கதை அதைக் காட்டும். இரண்டு இடங்களும் ஒன்றன்மேல் ஒன்று படியக் கூடாது, படிந்தால் ‘மெம்மூவ்’ என்பதைப் பயன்படுத்த வேண்டும் என்பது விதி. ஐந்து கட்டங்களில் இருக்கும் எழுத்துகளை ஒரு கட்டம் இடப்பக்கம் தள்ளுவதாக வைத்துக்கொள்வோம். இடக்கோடியிலிருந்து தொடங்கினால் சிக்கலில்லை. வலக்கோடியிலிருந்து தொடங்கினால், முந்தைய எழுத்து நகரும் முன்பே அதன்மேல் கடைசி எழுத்து போய் உட்கார்ந்துவிடும். பழைய மெம்காப்பி முன்னிருந்து படியெடுத்ததால், விதியை மீறியவர்களும் தப்பித்துவந்தார்கள். 2010-இல் வேகத்துக்காகச் சில செயலிகளில் பின்னிருந்து படியெடுக்கும் வடிவம் நுழைந்தது. ஃபெடோரா 14 என்ற லினக்ஸ் தொகுப்பில், உலாவியில் ஒலி, காணொளி இயக்கும் ஃபிளாஷ் வழியாகக் கேட்ட ஒலி கரகரத்தது. விதிப்படி லைப்ரரி மீது குற்றமில்லை. ஆனால் பாட்டுக் கேட்க உட்கார்ந்தவருக்கு விதியைப் பற்றி என்ன கவலை? லினக்ஸ் கெர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பயனர் பக்கம் நின்றே வாதாடினார். ஜிலிப்சி 2.14 ஒரு நல்ல வழி கண்டது: ஒரே கோப்புக்குள் இரண்டு மெம்காப்பி. இன்டெல் வகை 64-பிட் கணினிகளில் 2.2.5 என்ற பதிப்பு முத்திரையோடு வரும் பழைய மென்பொருளுக்குப் படிந்தாலும் கெடாத வடிவம் கிடைக்கும். புதிதாக உருவாக்கியவற்றுக்கு 2.14 முத்திரையுள்ள வேகமான வடிவம். கோப்பின் பெயரில் 6 அப்படியே நின்றது.

இந்தக் கதையையே திருப்பிப்போட்டு ஒருவர் கேட்கலாம்: எழுதாத பழக்கத்தைக்கூட யாரோ ஒருவர் நம்பிக்கொண்டுதான் இருப்பார் என்றால், முறிக்காத மாற்றம் என்று எதுவுமே இல்லையே? கூகுளில் பணியாற்றிய பொறியாளர் ஹைரம் ரைட்டின் பெயரால் வழங்கும் விதி சொல்வதும் இதுதான். பயனர்கள் போதிய அளவு பெருகிவிட்டால், வெளியே தெரியும் ஒவ்வொரு நடத்தையையும் யாராவது சார்ந்திருப்பார்கள். உண்மை. அதனால்தான் எண்ணை வாக்கு என்கிறேன், சான்றிதழ் என்று சொல்லவில்லை. வாக்கு தவறிப்போகலாம், தவறியதும் ஓடிவந்து சரிசெய்வதில்தான் அதன் நாணயம் இருக்கிறது.

முதல் எண்ணை உயர்த்தி, ‘முறியும்’ என்று நேர்மையாக அறிவித்துவிட்டால் போதாதா என்பது அடுத்த கேள்வி. பைத்தான் என்ற நிரல்மொழி அதைத்தான் செய்தது. 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3, பழைய நிரல்கள் பல ஓடாது என்பதை மறைக்கவில்லை. இருந்தும் பைத்தான் 2-க்கான ஆதரவை முடித்துக்கொள்ள 2020 ஜனவரி 1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் எத்தனையோ லைப்ரரிகள் இரண்டு பதிப்புகளுக்கும் ஈடுகொடுத்தே எழுதப்பட்டன. அறிவிப்பு பாரத்தை இறக்கவில்லை. யார் தலையில் ஏறப்போகிறது என்பதை முன்கூட்டிச் சொன்னது, அவ்வளவே.

பங்கிடுவதால்தானே இத்தனை தொல்லை, ஒவ்வொரு மென்பொருளும் தன் லைப்ரரியைத் தானே மூட்டை கட்டிக்கொள்ளட்டும் என்போரும் உண்டு. வட்டு இடம் மலிந்த காலத்தில் இது நியாயமாகவே படும். ஆனால் 2014 ஏப்ரலில், இணையத் தொடர்பைப் பூட்டிக் காக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியில் ‘ஹார்ட்பிளீட்’ என்ற ஓட்டை வெளிவந்தபோது, பங்கிட்டவர்கள் ஒரு கோப்பை மாற்றி, சேவைகளை நிறுத்தித் தொடங்கினால் ஓட்டை அடைபட்டது. மூட்டை கட்டியவர்கள் ஒவ்வொரு மூட்டையாக அவிழ்க்க வேண்டியிருந்தது. அங்கும் எண் ஒரு பாடம் சொன்னது. ஓட்டை அடைபட்ட பதிப்பு 1.0.1ஜி. டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்போ, தன் நிலைத்த வெளியீட்டில் 1.0.1இ என்ற பழைய எண்ணை விடாமல், ஓட்டையை மட்டும் அடைத்துத் தந்தது. முன் எண்ணை மட்டும் பார்த்தவர் ஆபத்து என்று பதறியிருப்பார். அதன் பின்னால் டெபியன் ஒட்டிய சிறு திருத்த எண்ணையும் படித்தவருக்கே பாதுகாப்பு தெரிந்தது.

எண்ணை வாக்காக்காமல் தேதியாக்கும் வழியும் உண்டு. உபுண்டு 24.04 போல ஆண்டையும் மாதத்தையும் எண்ணாக வைப்பது ஒரு முழு இயக்க அமைப்புக்குப் பொருந்தும். லைப்ரரிக்கு அது போதாது. பிறந்த தேதியைச் சொல்லும், பழையவரோடு ஒத்துப்போகுமா என்று சொல்லாது. நம்மிடம் வரும் புதுப்பிப்பில் எண் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பதோடு, அது ஏறாமல் இருக்க யார் எவ்வளவு பாடுபட்டார்கள் என்றும் கேட்கலாம். இருபதாண்டுக்கு முன் உருவாக்கிய ஒரு மென்பொருள் இன்று லினக்ஸில் 6 என்று கேட்டு, 6 கிடைத்து, சத்தமில்லாமல் திறந்துகொண்டால், 2.2.5 என்ற பழைய முத்திரையை இன்னும் ஒருவர் பராமரித்துக்கொண்டிருக்கிறார் என்று பொருள்.