பிக்கப் வண்டியின் மேல் ஒரு சிறு வீடு

பெங்களூரின் தெற்குப் பகுதியில் உள்ள எங்கள் கிளையின் கடன் பிரிவுக்குச் சில காலத்துக்கு முன் ஒரு தம்பதியர் வந்தனர். கணவருக்கு வயது 62. முப்பது ஆண்டுகளாக ஜெனரேட்டர்களையும் நீரேற்று மோட்டார்களையும் பழுதுபார்க்கும் தொழில் நடத்தியவர். மனைவி ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அம்மையாரின் கையில் ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம் இருந்தது. அதில் தலைக்காவேரி, பாகமண்டலம், ஸ்ரீரங்கப்பட்டணம், தலக்காடு, சிவனசமுத்திரம், மேட்டூர், பவானி, திருச்சிராப்பள்ளி, கல்லணை, கும்பகோணம், பூம்புகார் என்று காவிரிக் கரை ஊர்கள் வரிசையாக எழுதப்பட்டிருந்தன.

“காவிரியை முதலிலிருந்து கடைசிவரை பார்க்க வேண்டும் சார். விடுதிகளில் மாடி ஏற என் முழங்கால் இடம் கொடுக்காது. அதனால் அறையையே எங்களோடு எடுத்துச் செல்லப் போகிறோம்” என்றார் அம்மையார்.

விண்ணப்பத்தில் கேட்டிருந்த தொகை 4 லட்சம் ரூபாய். நோக்கம்: தொழிலுக்குப் பயன்பட்ட பிக்கப் வண்டியின் பின்புறத்தில், கூரை மேலெழும்பும் முகாம் அறை ஒன்றைப் பொருத்துதல். அந்த வண்டியின் மீது எங்கள் வங்கியின் கடன் இன்னும் பதினான்கு தவணைகள் பாக்கி இருந்தது. இத்தகைய விண்ணப்பத்தை நாங்கள் அதற்கு முன் கண்டதில்லை. ஆகவே அவர்களோடு சேர்ந்து நாங்களும் கற்றுக்கொண்டோம். கற்றவை மற்ற வாடிக்கையாளர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே தொகுத்துத் தருகிறோம்.

கேம்பர் என்பது எது?

நம் நாட்டில் ‘கேம்பர்’ என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது மகிந்திரா பொலேரோ கேம்பர் என்னும் சரக்கு வண்டியே. முன்னால் இரு வரிசை இருக்கைகளும் பின்னால் திறந்த சரக்குத் தொட்டியும் கொண்ட அது, பெயரில் மட்டுமே கேம்பர். மேலை நாடுகளில் அச்சொல், தொட்டியில் ஏற்றிப் பொருத்தும் சிறு தங்கும் அறையைக் குறிக்கிறது. அதில் ‘பாப்-அப்’ வகையின் கூரை, ஓடும்போது தாழ்ந்தும் நிறுத்தியபின் உயர்ந்தும் இருக்கும். 1950களில் அமெரிக்காவில் உருவான ‘அலாஸ்கன்’ கேம்பர் இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்று.

கூரை தாழ்ந்திருப்பதால் காற்றின் எதிர்ப்புக் குறைகிறது. வண்டியின் எடைமையமும் ஓரளவு கீழே நிற்கிறது. மலைச்சாலையில் தாழ்ந்து தொங்கும் கிளைகளுக்கும், அடுக்குமாடிக் குடியிருப்பின் தாழ்வான வாகன நிறுத்தத்துக்கும் இது ஏற்றது. குறையும் உண்டு. மேலெழும் பகுதியின் சுவர் பெரும்பாலும் தடித்த துணியால் ஆனது. குடகிலும் ஆகும்பேயிலும் பெய்யும் பருவமழையில் நனைந்த துணியை அப்படியே மடித்து வைத்தால் சில நாள்களில் பூஞ்சணம் பிடித்துவிடும்.

நம் வாடிக்கையாளரின் வண்டியில் மற்றொரு சிக்கலும் இருந்தது. அவர் தொழிலுக்காகத் தொட்டியின் இரு பக்கங்களிலும் பூட்டுப் போட்ட இரும்புக் கருவிப் பெட்டிகளை அமைத்திருந்தார். இரட்டை வரிசை இருக்கை கொண்ட பிக்கப் வண்டிகளில் தொட்டியின் நீளமே ஏறத்தாழ ஒன்றரை மீட்டர்தான். அதில் பக்கப் பெட்டிகளும் இடம் பிடித்துக்கொண்டால் அறையின் தரை ஒடுங்கிவிடுகிறது. அறையைப் பெட்டிகளின் மேல் உட்கார வைத்தால் அகலம் கிடைக்கும். ஆனால் எடைமையம் உயரும், ஏறும் படிகளும் கூடும். பீன்யாவில் உள்ள பாடி கட்டும் பட்டறைக்காரர் ஒரு நல்ல வழி சொன்னார்: செலவு செய்யுமுன் பிளைவுட்டிலும் அட்டையிலும் முழு அளவு மாதிரி ஒன்றைச் செய்து தொட்டியில் வைத்துப் பார்ப்பது.

எடை மேடையில் தெரிந்த உண்மை

பதிவுச் சான்றிதழில் வண்டியின் வெற்றெடையும், ஏற்றத்தோடு இருக்கத்தக்க மொத்த எடையும் குறிக்கப்பட்டிருக்கும். ஆனால் வெற்றெடை என்பது ஆலையிலிருந்து வந்தபோது இருந்த எடை. பின்னர் சேர்த்த பெட்டிகளும் கருவிகளும் அதில் அடங்கா. ஆகவே டீசல் நிரப்பிய வண்டியை எடை மேடையில் நிறுத்திப் பார்க்குமாறு கேட்டுக்கொண்டோம்.

அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 2,900 கிலோ. எடை மேடை காட்டியது 2,340 கிலோ. மீதம் 560 கிலோ. கணவன் மனைவி இருவருக்கும் 140 கிலோ போக 420 கிலோ நின்றது. இனி அறையின் கணக்கு: சட்டகத்தோடு அறை 330, குடிநீர் 60, மின்கலமும் சூரியத் தகடும் 45, குளிர்பெட்டியும் அடுப்பும் 35, படுக்கை, துணி, பாத்திரங்கள் 60. ஆக 530 கிலோ. அனுமதிக்கு மேல் 110 கிலோ!

கருவிகளை இறக்கி வைத்தால் 180 கிலோ குறையும். அப்போது 70 கிலோ இடம் மிஞ்சும். ஆனால் மகனும் மருமகளும் உடன் வந்தால் அந்த 70 கிலோவும் தீர்ந்து, மேலும் 70 கிலோ கூடிவிடும். தண்ணீரில் ஒரு லிட்டருக்கு ஒரு கிலோ என்பது எல்லோரும் அறிந்ததே. பயணத் திட்டத்தில் அதைக் கணக்கிடுவோர் குறைவு. எடை மிகுந்தால் பிரேக் பிடித்தபின் வண்டி நிற்கும் தூரம் நீளும், டயர் சூடேறும், மலைத் திருப்பத்தில் வண்டி சாயும். சம்பாஜே மலைச்சாலை போன்ற இறக்கங்களில் இவை மூன்றும் ஒருங்கே சேரக்கூடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றினின்று மாறுபடும் வகையில் வண்டியை உரிமையாளர் மாற்றலாகாது என்கிறது. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம் சேர்த்த 182ஏ பிரிவின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

இதனால் முகாம் வண்டியே கூடாது என்று பொருளில்லை. சொந்தப் பயன்பாட்டுக்கான முகாம் வண்டிக்கு மத்திய அரசின் வாகன வகைப்பாட்டில் தனி இடம் உண்டு. மோட்டார் கேரவன்களுக்கென ஏ.ஐ.எஸ். 124 என்ற தொழில்நுட்பத் தரமும் உள்ளது. புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரில் உள்ள ஐகேட் போன்ற சோதனை நிறுவனங்கள் வாகனங்களைச் சோதித்துச் சான்று வழங்குகின்றன. அத்தகைய ஒப்புதல் பெற்ற வடிவத்தில் கட்டும் நிறுவனத்திடம் வேலையை ஒப்படைத்தால் பதிவு எளிதாகும். தெருமுனைப் பட்டறையில் ஒரே ஒரு வண்டிக்காகச் செய்த அறைக்கு அது எளிதன்று.

“அறையை நான்கு போல்ட்டுகளில் கழற்றிவிடலாம்; ஆகவே அது மாற்றமே அன்று, சரக்குதான்” என்பது நம் வாடிக்கையாளரின் வாதம். அதை அவரோ நாங்களோ முடிவு செய்வதற்கில்லை. வரைபடத்தையும் எடைக் கணக்கையும் இணைத்து வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்பதே முறை. மேலும், சரக்கு வாகனமாகப் பதிவான வண்டியின் பின்புற அறையில் ஓடும்போது யாரும் அமர்ந்து செல்லலாகாது.

வங்கியும் காப்பீடும்

வண்டியின் மீது கடன் நிலுவையில் இருக்கும்வரை பதிவுச் சான்றிதழில் ஹைப்பாதிகேஷன் என்ற குறிப்பு இருக்கும். வண்டி வங்கிக்கு ஈடாக நிற்கிறது என்பதே அதன் பொருள். அக்காலத்தில் அதன் அமைப்பை மாற்ற விரும்புவோர் முதலில் வங்கியின் தடையில்லாச் சான்றைப் பெற வேண்டும். அடுத்து, காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, பாலிசியில் அதைச் சேர்க்கச் செய்ய வேண்டும்.

இதை வலியுறுத்த எங்களுக்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் மற்றொரு வாடிக்கையாளர் தம் வேனில் படுக்கையும் எரிவாயு அடுப்பும் அமைத்துக்கொண்டார். ஒரு நாள் அடுப்பருகே தீப்பற்றி வண்டியின் பாதி எரிந்தது. நல்வேளையாக எவருக்கும் காயமில்லை. மாற்றத்தை அவர் யாருக்கும் தெரிவித்திருக்கவில்லை. இழப்பீட்டுக் கோரிக்கை பல மாதங்கள் இழுபட்டு நிராகரிக்கப்பட்டது. எரிந்த வண்டிக்காக அவர் தொடர்ந்து தவணை கட்டினார். கடன் வழங்கிய நாளில் இதையெல்லாம் நாங்கள் அவருக்கு எடுத்துச் சொல்லியிருக்கலாமே என்ற உறுத்தல் இன்றும் எங்களுக்கு உண்டு.

ஓர் இரவுக்கு என்ன விலை?

கடைசியாகப் பணக் கணக்கு. எடுத்துக்காட்டாக 4 லட்சம் ரூபாயை 11 விழுக்காடு வட்டியில் ஐந்தாண்டுக்குப் பெற்றால் மாதத் தவணை ஏறத்தாழ 8,700 ரூபாய். ஆண்டுக்கு 1,04,400 ரூபாய். ஆண்டில் 40 இரவுகள் அறையில் தங்கினால் ஓர் இரவுக்கு 2,610 ரூபாய் ஆகிறது. 15 இரவுகளே தங்கினால் 6,960 ரூபாய். டீசலும் பராமரிப்பும் தனி.

“எத்தனை இரவுகள் தங்குவீர்கள்?” என்று கேட்டோம். கணவர் 40 என்றார். அம்மையார் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டி, பேரனின் பள்ளி விடுமுறை, மழைக்காலம், மருத்துவரைக் காணும் நாள்கள் எல்லாவற்றையும் கழித்து, “பதினெட்டு” என்றார்.

நாங்கள் கடனை மறுக்கவில்லை. வரிசையை மட்டும் மாற்றச் சொன்னோம். பெங்களூரிலேயே கேரவன்களை ஓட்டுநரோடு வாடகைக்கு விடும் நிறுவனங்கள் உள்ளன. முதலில் ஒரு முறை வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். அதே சமயம் போக்குவரத்து அலுவலகத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுதுங்கள். இரு பதில்களும் கிடைத்தபின் கடன் தொகையைப் பெற்றுக்கொள்ளுங்கள் என்றோம். கணவருக்கு அன்று சற்று வருத்தந்தான்.

தை மாதத்தில் அவர்கள் வாடகை வண்டியில் தலைக்காவேரியிலிருந்து புறப்பட்டு ஒன்பதாம் நாள் பூம்புகாரை அடைந்தனர். திரும்பி வந்ததும் அம்மையார் கிளைக்கு வந்தார். “அந்த வண்டிக்குப் படி ஒன்றுதான் சார். இவர் செய்துவைத்த மாதிரியில் மூன்று படி. படுக்கை ஓட்டுநர் கூரைக்கு மேலே. என்னால் ஒரு நாளும் ஏற முடியாது. அதை இவர் யோசிக்கவே இல்லை, நானும் யோசிக்கவில்லை” என்றார். கணவர் மறுத்துப் பேசவில்லை.

இப்போது பக்கப் பெட்டிகள் கழற்றப்பட்டு, தாழ்ந்த தரையும் கீழ்ப்படுக்கையும் கொண்ட புதிய வரைபடம் தயாராகியுள்ளது. குளிர்பெட்டி நீக்கப்பட்டது, குடிநீர் 40 லிட்டராகக் குறைந்தது. ஒப்புதல் பெற்ற வடிவில் கட்டித் தரும் நிறுவனத்திடம் விலை கேட்டிருக்கிறார்கள். போக்குவரத்து அலுவலகத்தின் பதில் இன்னும் வரவில்லை. கடன் விண்ணப்பம் எங்கள் கோப்பில் உயிரோடு இருக்கிறது. பிளைவுட் மாதிரி அவர்கள் வீட்டு முற்றத்தில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பேரன் அதில்தான் உறங்குகிறானாம்.

வண்டியில் மாற்றம் செய்ய எண்ணும் வாடிக்கையாளர்கள் முன்பணம் கொடுக்குமுன் மூன்று தாள்களைக் கையில் வைத்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்: எடை மேடைச் சீட்டு, போக்குவரத்து அலுவலகத்தின் எழுத்துப் பதில், காப்பீட்டு நிறுவனத்தின் ஒப்புதல். அவற்றோடு எங்கள் கிளைக்கு வாருங்கள். மற்றக் கணக்குகளை நாம் சேர்ந்து போட்டுப் பார்ப்போம்.