போக ஏழு மணி நேரம், வர இரண்டு மணி நேரமா?

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் உறவினர் உள்ள பிள்ளைகள் எங்கள் சாத்தூர் வகுப்பில் உண்டு. எனவே தொலைவு, வேகம், காலம் பாடத்துக்குச் சென்னை–சிங்கப்பூர் விமானப் பயணத்தையே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் தொலைவு. உலக உருண்டையில் இரு நகரங்களுக்கும் இடையே நூலை இறுக்கிப் பிடித்து, பின் அதை நிலநடுக்கோட்டின்மீது வைத்து ஒப்பிடுவோம். முழுச் சுற்று 40,000 கி.மீ. என்பதால், நூலின் அளவு ஏறத்தாழ 2,900 கி.மீ. எனக் கிடைக்கும். மணிக்கு 850 கி.மீ. வேகத்தில் சுமார் மூன்றரை மணி நேரம். ஓடுபாதையில் செல்லவும் ஏறி இறங்கவும் ஆகும் நேரத்தையும் சேர்த்து, கணக்குக்காக நான்கரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்து, கரும்பலகையில் ஒரு மாதிரி அட்டவணை:

சென்னை காலை 10.00 – சிங்கப்பூர் மாலை 5.00
சிங்கப்பூர் மாலை 6.00 – சென்னை இரவு 8.00

“திரும்பும்போது விமானம் வேகமாக வருகிறது” என்பார்கள். காற்றின் திசையால் வேறுபாடு வரும். ஆனால் ஐந்து மணி நேரம் வராது. இரண்டும் அந்தந்த ஊர்க் கடிகார நேரங்கள்.

7, 2 ஆகியவற்றின் கூடுதலில் பாதி நான்கரை: பயண நேரம். வித்தியாசத்தில் பாதி இரண்டரை: கடிகார வேறுபாடு.

இந்திய நேரம் 82½° கிழக்குத் தீர்க்கக்கோட்டைச் சார்ந்தது. சிங்கப்பூர் நேரம் 120° கோட்டுக்குரியது. இடைவெளி 37½°. ஒரு மணி நேரத்துக்கு 15° என்றால் அதே இரண்டரை! கணக்கும் புவியியலும் ஒரே விடையில் சந்திக்கின்றன.

அங்கே இரவு 8 மணிக்கு வேலை முடிக்கும் அப்பாவிடம் இங்கே மாலை 5.30க்குப் பேசலாம் என்பதை இனி மாணவரே கணக்கிட்டுச் சொல்வார்.