சீமந்தும் பறக்குஞ் சாம்பலும்

சீமந்திலே சாம்பல் கலந்துளது எனக் கேட்போர் அதனைக் கலப்படமென ஐயுறுதல் இயல்பே. அவர் மனத்திலிருப்பது அடுப்புச் சாம்பல். கட்டடக் கலைஞர் கருதும் சாம்பலோ வேறு. அனல்மின் நிலையங்களிலே தூளாக்கிய நிலக்கரி எரியும்போது, அதிலுள்ள கனிப்பொருட்கள் உருகிப் புகையோடு எழுந்து குளிர்ந்து, கண்ணாடித் தன்மை வாய்ந்த நுண்ணிய உருண்டைகளாகின்றன. புகைபோக்கியை அடையுமுன் இவற்றை மின்னேற்றத்தாற் கவர்ந்து பிடிப்பர். இதுவே பறக்குஞ் சாம்பல். இலங்கையில் 2011 ஆம் ஆண்டு மின்னுற்பத்தியைத் தொடங்கிய நுரைச்சோலை நிலையத்திலும் இது பெறப்படுகின்றது.

சீமந்து நீரோடு சேர்ந்து இறுகுங்கால், வலிமை தரும் சிலிக்கேற்றுப் பசையுடன் கல்சியம் ஐதரொட்சைட்டு என்னும் சுண்ணாம்பும் தோன்றுகின்றது. இச்சுண்ணாம்பு வலிமைக்குப் பெரிதும் உதவாது. நீரிற் கரைந்து வெளியேறவுங் கூடும். சாம்பலிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் அதனோடு மெல்ல வினைபுரிந்து மேலும் பசையை ஆக்குகின்றன. நுண்டுளைகள் அடைபடவே, உப்பும் சல்பேற்றும் உட்புகுதல் அரிதாகின்றது. பண்டை உரோமர் பொசுவோலி நகரத்து எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு சேர்த்துக் கட்டியதும் இம்முறை பற்றியே.

அமெரிக்காவில் றேமன்ட் டேவிசும் அவர்தங் குழுவினரும் 1937 இல் இச்சாம்பல் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். பின்னர், 1948 முதல் 1953 வரை மொன்டானாவிற் கட்டப்பெற்ற ஹங்கிரி ஹோர்ஸ் அணையிலே இது பெருமளவிற் பயன்பட்டது. சீமந்து இறுகும்போது எழும் வெப்பம் பேரணைகளிற் பிளவை உண்டாக்கும். சாம்பல் அவ்வெப்பத்தைத் தணித்தது.

அணைக்குத் தகுந்தது தூணுக்கும் மேற்றளத்துக்கும் தகுமோ? தகும், ஆயின் நிபந்தனைகள் உள. இவற்றிற் சீமந்தின் நூற்றுக்கு 15 முதல் 30 வரையான பங்குக்குப் பதிலாகச் சாம்பலைச் சேர்த்தல் வழக்கம். அத்தகைய கொங்கிறீற்று முதற் சில வாரங்களில் வலிமை குன்றியிருப்பினும், 90 நாளளவிற் சாதாரணக் கொங்கிறீற்றை ஒக்கும், மிகுதலும் உண்டு. ஆதலின் பழைய நாட்கணக்கை நம்பி முட்டுக்களை நீக்குதல் உயிராபத்தை விளைக்கும். மாதிரிக் கட்டிகளை நசுக்கிப் பார்த்து வலிமையை உறுதிசெய்தபின்னரே அவற்றை நீக்கல் வேண்டும். வினை நிகழ ஈரம் இன்றியமையாததாகலின், நீரூற்றிப் பேணும் நாட்களும் நீளவேண்டும். எரியாத கரி மிகுந்த சாம்பல் விலக்கற்பாலது. ஆலையிலேயே சாம்பல் சேர்க்கப்பட்ட சீமந்தாயின், கட்டுமிடத்தில் மீண்டுஞ் சேர்த்தல் அளவை மீறச் செய்யும்.

சோதித்து, அளந்து, காலங்கொடுத்துப் பயன்படுத்தப்படும் சாம்பல் கலப்படமன்று. சோதியாது சேர்த்தலும், வலிமை பெறுமுன் பாரமேற்றுதலுமே அஞ்சத்தக்கன.