பட்டு அவியும், பஞ்சு எரியும்

காஞ்சிபுரத்தில் பட்டின் மெய்ம்மையை அறிய எளியதொரு தேர்வு உண்டு. பாவிலிருந்தோ ஊடையிலிருந்தோ ஓர் இழையை உருவி, அதன் நுனியில் தீக்குச்சியைக் காட்டுவர். தூய பட்டாயின் இழை சுருண்டு பொசுங்கும். மயிர் கருகும் நாற்றம் எழும். தீயை விலக்கியதும் அவிந்துவிடும். நுனியில் எஞ்சும் கரிய மணியை விரலிடை நசுக்கினால் பொடியாகும். பஞ்சு நூலாயின் தாள் எரியும் மணத்தோடு விடாது எரியும். சுடர் அவிந்த பின்னும் கங்கு இழையின்மேல் ஊர்ந்து செல்லும். செயற்கை இழையோ உருகி, நசுங்காத கட்டியாக இறுகும்.

முதுகுப் பையோடு மலையேறுபவருக்கு இதே தேர்வு தலைகீழாகப் பயன்படுகிறது. அவர் தேடுவது எடை குறைந்த தீமூட்டி. ஈரச் சுள்ளி உலர்ந்து பற்றும்வரை அது நின்று எரிய வேண்டும். நெசவாளர் போலியென்று தள்ளும் இழையே அவருக்கு உற்ற இழை.

மெல்லிய பொருள் விரைந்து பற்றும் என்பது அடுப்படி அறிந்த உண்மை. விறகு மசியாதபோது பன்னாடை சட்டெனப் பற்றுகிறது. ஆனால் நுண்மை மட்டுமே காரணமென்றால் பட்டன்றோ முந்தி எரிய வேண்டும்? பட்டின் தனியிழை ஏறத்தாழ 10 முதல் 13 மைக்ரான் தடிப்புடையது. பஞ்சிழை 12 முதல் 20 மைக்ரான். வேறுபாடு தடிப்பில் இல்லை, வேதியியலில் இருக்கிறது. பஞ்சு செல்லுலோசால் ஆனது. அதன் நிறையில் ஏறக்குறையப் பாதி உயிர்வளி. சூடேறியதும் அது எரியத்தக்க ஆவிகளாகச் சிதைகிறது. நாம் சுடரென்று காண்பது அந்த ஆவி எரிவதையே. பட்டோ புரதம், அதன் நிறையில் 18 விழுக்காடு அளவுக்கு நைட்ரசன் உண்டு. வெப்பம் பட்டதும் உப்பிக் கரியாகித் தன்னைத் தானே மூடிக்கொள்கிறது.

ஒரு பொருள் தொடர்ந்து எரியக் குறைந்தது எத்துணை உயிர்வளி வேண்டும் என்பதை ஆய்வகங்களில் அளப்பர். பஞ்சுக்கு அது சுமார் 18 விழுக்காடு. பட்டுக்கு 23 அல்லது அதற்குச் சற்று மேல். நாம் உயிர்க்கும் காற்றில் இருப்பது 21. இவ்விரண்டு எண்களுக்கும் இடையே காற்று வந்து நிற்பதால்தான் நெசவாளரின் தீக்குச்சி பொய் சொல்வதில்லை.

எனினும் வெறும் பஞ்சு நொடிகளில் எரிந்து தீரும். இலவம்பஞ்சு இன்னும் மோசம்: உள்ளீடற்ற இழை, மேலே இயற்கையான மெழுகுப் பூச்சு, பொறியை உடனே ஏற்கும், குப்பென எரிந்து மறையும். அதை நம்பி அடுப்பின் முன் அமர்ந்தவர் இலவு காத்த கிளிதான்.

நின்றெரியும் வழியைக் கோயில் விளக்கு எப்போதோ காட்டிவிட்டது. நெய் உள்ளவரை திரி கருகுவதில்லை. நெய்யை மேலேற்றி ஆவியாக்கும் வேலையை மட்டும் செய்கிறது. பையில் நெய்யைச் சுமக்க இயலாது. அதனால் அதனிடத்தில் மெழுகை வைக்கலாம். விரல் நீளப் பருத்தித் திரியை எடுத்து உருகிய மெழுகில் தோய்த்து ஆறவிட வேண்டும். மெழுகை நேர்த்தீயில் உருக்கலாகாது. கொதிநீரில் வைத்த கிண்ணத்திலேயே உருக்க வேண்டும். திரியின் ஒரு நுனியை மட்டும் தோய்க்காமல் பிரித்துவிட வேண்டும். தீக்குச்சியின் சிறு சுடர் பற்றுவது அங்கேதான். பலர் முழுத் திரியையும் தோய்த்துவிட்டுப் பிறகு பற்றவில்லை என்று நொந்துகொள்வர்.

இத்தகைய திரியில் 3 கிராம் மெழுகு இருப்பதாகக் கொள்வோம். அது தரும் வெப்பம் ஏறத்தாழ 1,30,000 ஜூல். சுள்ளியிலுள்ள 10 கிராம் நீரை ஆவியாக்க 26,000 ஜூல் போதும். பெரும்பகுதி வெப்பம் காற்றோடு போனாலும் மிச்சம் வேலைக்கு ஆகும்.

கோயில் வாயிற்கடைகளில் திரிக்கு அருகிலேயே கிடைப்பது சூடம். அது உருகக் காத்திராமல் திண்மத்திலிருந்தே ஆவியாவது. ஆகவே ஒற்றைத் தீக்குச்சியில் பற்றும். நீரில் கரைவது மிக அரிது, மிதந்தபடியே எரியும். மழையில் நனைந்தவருக்கு இதனினும் நல்ல துணை அரிது. ஆனால் எளிதில் ஆவியாகும் அதே இயல்பால் பைக்குள்ளேயே கரைந்து காணாமற்போகும். வீடுகளில் சூடப் பெட்டியில் மிளகு போட்டு வைப்பர். என் கணிப்பில் காப்பது மிளகன்று, இறுகிய மூடி. சூடத்தின் நிறையில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் கரிமம் ஆதலால் கரும்புகை மிகுதி; வயிற்றுக்குள் போனால் நஞ்சு. எனவே சூடத்தைப் பற்றவைக்க மட்டும் கொண்டு, எரியும் பணியைத் திரியிடம் விடுவதே முறை. நான்கு திரியும் நான்கு சூடவில்லையும் ஒரு சிறு தகரப் பெட்டியில் அடங்கும்.

பெட்டியைத் திறக்கும் இடம் எது என்பது வேறு கேள்வி. தமிழ்நாட்டில் காப்புக்காட்டுக்குள் தீ மூட்டுவது 1882-ஆம் ஆண்டின் வனச்சட்டத்திலேயே தடுக்கப்பட்டது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இசைவு பெற்ற முகாமிலோ, ஊர்ப்புறத் தோப்பிலோ திரியை ஏற்றலாம். காட்டுவழி நடைக்குக் காஞ்சியிடம் வேறொரு விடை உண்டு: வரதராசப் பெருமாள் கோயிலின் குடலை இட்லி. மிளகும் சீரகமும் சுக்கும் கலந்து, இலை வேய்ந்த மூங்கிற் குடலையில் ஆவியில் வெந்தது. மறுநாளும் கெடாது, உண்ணத் தீயும் வேண்டா.