கடையில் பார்த்த பிங்க் பாத்ரூமில் ஏன் மாறுகிறது?

தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் பக்கத்து அடுக்ககங்களில் பாத்ரூம் பெரும்பாலும் சின்னது. ஜன்னல் என்று இருப்பது ஒரு வெண்டிலேட்டர்தான். ஷேடு கார்டில் மென்மையாக இருந்த லைட் பிங்க், அங்கே அடித்ததும் ரோஸ்மில்க் போல அடர்ந்துவிடும். பெயின்டரைக் கோபித்துப் பயனில்லை.

பிங்க் சுவர், தன் மேல் விழும் வெள்ளை ஒளியில் பச்சையைக் கொஞ்சம் விழுங்கி, சிவப்பைத் திருப்பி அனுப்புகிறது. நெருக்கமான நான்கு சுவர்களுக்கு நடுவே ஒளி மாறி மாறித் தெறிக்க, ஒவ்வொரு தெறிப்பிலும் பச்சை இன்னும் குறைகிறது. நிறம் தடிக்கிறது. அதனால் பிடித்ததைவிட ஒரு படி வெளுத்த ஷேடை எடுங்கள்.

விளக்கும் முக்கியம். 6500 கெல்வின் எல்இடியில் நீலம் தூக்கல். பிங்க் லேசாக ஊதா தட்டும். 3000 கெல்வினில் அதே சுவர் பீச் பழ நிறத்துக்குச் சாயும். ஓர் அட்டையில் அடித்து, உங்கள் பாத்ரூம் விளக்கிலேயே பாருங்கள்.

புதுச் சுவரென்றால் பொறுமை வேண்டும். ஈரம் காயாத சிமென்ட் பூச்சின் பிஎச் 12-ஐத் தாண்டும். அந்தக் காரம் சில கரிமச் சிவப்பு நிறமிகளைச் சிதைத்துத் திட்டுத்திட்டாக வெளுக்க வைக்கும். செம்மண்ணுக்கு நிறம் கொடுக்கும் இரும்பு ஆக்சைடு அதற்கெல்லாம் அசையாது. அதில் கலந்த பிங்கில் லேசான மண் சாயல் இருக்கும்; எனக்கு அதுதான் அழகு. ஐப்பசி மழையில் அவசரப்படாமல், பூச்சு நன்றாகக் காய்ந்தபின் காரம் தாங்கும் பிரைமர் அடியுங்கள்.

போர் தண்ணீரின் உப்புக்கறை வெள்ளையாகப் படிவதால், அடர் நிறத்தைவிட வெளிர் பிங்கில் அது குறைவாகவே கண்ணில் படும். இருந்தாலும் தண்ணீர் தெறிக்கும் உயரம்வரை டைல்ஸ்தான் சரி.