"அனுமதிக்கின்றீர்களா?" என்று கேட்கும் கணனி

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் பொருளாளர் பதவி என் தலையில் விழுந்து பல வருடங்களாகின்றன. சந்தாப் பணம், பத்திரிகைச் செலவு, வாசிகசாலைப் புத்தகப் பட்டியல் யாவற்றையும் ஒரு பழைய கணக்கு மென்பொருளிலேதான் எழுதி வந்தேன். அதனைத் திறக்கும்போதெல்லாம் திரை மங்கும்; நடுவே ஒரு சிறு பெட்டி தோன்றும்; "இம்மென்பொருள் உங்கள் கணனியில் மாற்றங்கள் செய்ய அனுமதிக்கின்றீர்களா?" என்று வினவும். "ஆம்" என்பேன். மறுநாளும் அதே வினா, அதே விடை. பத்து வருடமாக வரும் பாற்காரனைப் படலையிலே மறித்து, "இவரைத் தெரியுமா?" என்று தினந்தோறும் கேட்கும் காவற்காரனைப் போலிருந்தது அது.

சென்ற மாரிகாலத்தில் ஒருநாள், ஆண்டு விழா அழைப்பிதழைப் பென் டிரைவ் ஒன்றிற் பதிந்து வாங்கி வந்து கணனியிற் செருகினேன். அழைப்பிதழ் என்று பெயரிட்டிருந்த கோப்பைத் திறந்தேன். திரை மங்கிற்று, வினா தோன்றிற்று, கை "ஆம்" என்றது. கை என்று வேண்டுமென்றேதான் சொல்கின்றேன். கண் எதனையும் வாசிக்கவில்லை. ஓர் அழைப்பிதழைப் பார்ப்பதற்குக் கணனியில் மாற்றம் எதற்கு? அந்த ஐயம் எழுந்தது மறுநாட் காலையில். கோப்புகள் அனைத்தும் பூட்டப்பட்டுக் கிடந்தன. திறப்பு வேண்டுமாயிற் பணம் அனுப்புக என்று திரையில் ஒரு கடிதம் நின்றது.

பணம் அனுப்பவில்லை. ஏழு வருடக் கணக்கையும் பற்றுச்சீட்டு அடிக்கட்டைகளைக் கொண்டு மீள எழுதி முடிக்க மூன்று மாதம் சென்றது. அடிக்கட்டை கிடையாத சந்தாக்காரர் சிலரிடம், "நீங்கள் கட்டினீர்களா?" என்று கேட்க நேர்ந்ததுதான் எனக்குப் பெரிய வெட்கம்.

கணனி படிக்கும் என் மருமகன் வந்து பார்த்தான். "மாமா, அந்தக் கேள்வியை நிப்பாட்டி விடட்டோ எண்டு நான் முந்தியே கேட்டனான். நிப்பாட்டியிருந்தாலும் இதுதானே நடந்திருக்கும்?" என்றான். எனக்கு விடை தெரியவில்லை. என்னைப் பற்றி அவன் கூறியது முழு உண்மை. ஆயினும் அந்த வினாவைப் பற்றி அவன் கூறியது சரிதானா என்று பின்னர் வாசித்தறிய முற்பட்டேன்.

2000 ஆம் ஆண்டு மே மாதத்தில், பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து காதற்கடிதம் என்ற பெயரில் ஒரு கோப்பு உலகெங்கும் மின்னஞ்சலிற் பரவியது. பெயரின் கடைசிப் பகுதியை விண்டோஸ் மறைத்துக் காட்டியமையால், அது வெறும் எழுத்துக் கோப்புப் போலத் தோன்றியது. உள்ளே இருந்ததோ ஒரு நிரல். திறந்தவரின் முகவரிப் புத்தகத்தில் இருந்த அனைவருக்கும் அவர் பெயராலேயே அது சென்றது. தெரிந்தவரிடமிருந்து வந்த கடிதம் என்று நம்பியே மக்கள் அதனைத் திறந்தனர். 

மைக்ரோசொப்ட் நிறுவனம் 2004 இல் வெளியிட்ட திருத்தத்தின் பின்னர், இணையத்தில் இருந்து இறக்கும் கோப்புகளிலே "இது வெளியிலிருந்து வந்தது" என்ற கண்ணுக்குத் தெரியாத குறியொன்று பதியப்படலாயிற்று. அக்குறியைக் கண்டே கணனி எச்சரிக்கின்றது. என்னை நாள்தோறும் மறித்த வினா வேறு. அது 2007 இல் விண்டோஸ் விஸ்டாவுடன் வந்தது. வந்த வேகத்தில் உலகமே அலுத்துக் கொண்டது. கறுப்புக் கண்ணாடி அணிந்த மெய்க்காவலன் ஒருவன் வாய்க்கு வாய் அனுமதி கேட்பதாக அப்பிள் நிறுவனம் ஒரு விளம்பரமே எடுத்துச் சிரித்தது.

வேடிக்கை யாதெனில், அந்த அலுப்பிலும் ஒரு நோக்கம் இருந்தது. மக்களுக்கு எரிச்சலூட்டவே அதனை வைத்தோம் என்று மைக்ரோசொப்ட் அலுவலர் ஒருவர் 2008 இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த மாநாட்டில் வெளிப்படையாகவே கூறினார். அக்காலத்து மென்பொருள்கள் பல, தேவையின்றியே நிர்வாகியின் முழு அதிகாரத்தையும் கேட்டு நின்றன. மக்கள் முறையிட்டால் அவற்றை எழுதியவர்கள் திருந்துவர் என்பது கணக்கு. அவ்வாறே நடந்தது: வினாவை எழுப்பிய மென்பொருள்களும் பணிகளும் ஓராண்டிற்குள் 775,312 இலிருந்து 168,149 ஆகக் குறைந்தன என்று அந்நிறுவனமே எழுதிற்று. திருந்தாது நின்றவற்றுள் என் கணக்கு மென்பொருளும் ஒன்று!

ஒருமுறை "ஆம்" என்றால் அதனை ஏன் நினைவில் வைத்துக்கொள்வதில்லை என்று நானும் கேட்டேன். வைத்துக்கொண்டால், அந்த நம்பிக்கைக்குரிய மென்பொருளின் தோளிலேறி வேறொரு தீய நிரல் உள்ளே வந்துவிடலாம். திரை மங்குவதற்கும் காரணமுண்டு. அவ்வேளையில் ஏனைய நிரல்கள் யாவும் ஒதுக்கி வைக்கப்படுகின்றன. உங்களுக்குப் பதிலாக வேறொரு நிரல் "ஆம்" என்று அழுத்த முடியாது.

இனி மருமகனின் கேள்வி. நேர்மையாகச் சொன்னால், என் அனுமதி இல்லாமலே அந்த நிரல் கோப்புகளைப் பூட்டியிருக்கும். ஆனால் கணனி தானாக எடுத்து வைத்திருந்த பழைய பிரதிகளை அழிக்க நிர்வாகியின் அதிகாரம் வேண்டும். அந்த அதிகாரத்தை வழங்கியவன் நான். வினாவை நிறுத்தியிருந்தால் கேளாமலே எடுத்திருக்கும். கேட்டபோது "இல்லை" என்றிருந்தால் ஏழு வருடக் கணக்கு மீண்டிருக்கக்கூடும். இதைக் கேட்டு அவன் பேசாதிருந்தான்.

ஆகவே வினாவை நிறுத்தாமல், அது அடிக்கடி வராதபடி செய்தோம். கணக்கு மென்பொருளின் புதிய பதிப்பை வாங்கினோம். அது கணக்கை என் சொந்தக் கோப்புறையிலே எழுதுவதால் அதிகாரம் கேட்பதில்லை. நாளாந்த வேலைக்குச் சாதாரணக் கணக்கு ஒன்றைத் திறந்து, நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல்லை வேறாக வைத்தோம். கடவுச்சொல்லைத் தட்டவேண்டியிருப்பதால் கை முந்திக்கொள்ள வழியில்லை. தெரிந்தவர் தந்த, தெரிந்த இடத்திலிருந்து இறக்கிய கோப்பு ஒவ்வொரு முறையும் எச்சரிக்கை எழுப்பினால், அதன் பண்புகள் என்ற பகுதியைத் திறந்து தடை நீக்கும் கட்டத்தில் அடையாளமிட்டால், அந்த ஒரு கோப்புக்கு மாத்திரம் குறி அகலும்.

பெட்டியில் வெளியீட்டாளரின் பெயரும் இருக்கும். கையொப்பம் சரிபார்க்கப்பட்டதாயின் நீல நிறம். வெளியீட்டாளர் யாரென்று தெரியாதாயின் மஞ்சள் நிறம். மஞ்சள் யாவும் தீயதன்று. சிறிய தமிழ் எழுத்து மென்பொருள்களுக்கும் அது வருவதுண்டு. நீலம் யாவும் நல்லதுமன்று. 2017 ஓகஸ்டில் சீகிளீனர் என்ற புகழ்பெற்ற மென்பொருளின் அசற் பதிப்பிலேயே, செல்லுபடியான கையொப்பத்துடன், தீய நிரல் புகுந்திருந்தது; அதனை இறக்கியவர்கள் 22.7 இலட்சம் பேர் என்று கணிக்கப்பட்டது. கணக்கின் பிரதியொன்றை இப்போது வாரந்தோறும் வெளித் தட்டு ஒன்றிற் பதிந்து, அதனைக் கழற்றி அலுமாரியிற் பூட்டி வைப்பது அதனாலேதான்.

போன கிழமை நான் எதனையும் திறவாதிருக்கையில் திரை மங்கிற்று. பெயரை வாசித்தேன், விளங்கவில்லை, "இல்லை" என்றேன். பின்னேரம் மருமகன் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். "அது உங்கட பிரின்டரின்ர புதுப் பதிப்பு, மாமா." மறுநாள் அதே பெயர் மீண்டும் வந்தது. கண்ணாடியை எடுத்து அணிந்து, ஒருமுறை வாசித்து, கடவுச்சொல்லைத் தட்டினேன்.